குழலையும் ஏட்டையும் பிரிக்க முடியுமா?

கேள்வி: பழைய ஐரோப்பிய இசையை வாசிக்கும் மரக்குழல் கலைஞர்களில் பலர் இசை ஆய்வாளர்களாகவும் இருக்கிறார்கள். ஆராய்கிறவர் ஆராயட்டும், வாசிக்கிறவர் வாசிக்கட்டும் என்று விட்டால் என்ன?
- ஒரு வாசகர், கோவை

பதில்: விட முடியாது. வயலின்காரர் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். குழலில் அது நடக்காது. கடைசல் பட்டறையில் நீளம் வெட்டிய அன்றே அதன் சுருதி ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. 1700-ல் ஓர் ஊரில் எந்தச் சுருதியில் பாடினார்கள் என்று பழைய வயலினைக் கேட்டால் பதில் வராது. பழைய ரெக்கார்டர் சொல்லும். (ஒலிப்பதிவுக் கருவி அல்ல, நேராகப் பிடித்து நுனியில் ஊதும் குழலைச் சொல்கிறேன்.) குழல்தான் இங்கே ஆவணம், அதை வாசிக்கத் தெரியாதவரால் அதைப் படிக்கவும் முடியாது.

புரூஸ் ஹெய்ன்ஸ் (1942–2011) வாழ்க்கையைப் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்தவர். நெதர்லாந்தில் ஃபிரான்ஸ் பிரூகனிடம் ரெக்கார்டர் கற்றார். பாஸ்டனில் ஃபிரீட்ரிக் ஃபான் ஹூனேயின் பட்டறையில் குழல் செய்யக் கற்றார். பரோக் காலத்து (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) ஓபோவுக்கு மாறி, ஹேக் நகர இசைக் கல்லூரியில் அதைக் கற்பித்தார். ஐம்பதைக் கடந்த பிறகு, 1995-ல், மாண்ட்ரியலில் முனைவர் பட்டம் பெற்றார். எடுத்துக்கொண்ட பொருள், சுருதியின் வரலாறு. 2002-ல் அது நூலாக வந்தது.

ஓபோக்காரர் ஆராய்ந்ததால் என்ன லாபம்? ஓபோவும் நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. அருங்காட்சியகத்தில் 300 ஆண்டுப் பழைய ஓபோ கிடைக்கும். அதன் சீவாளி பெரும்பாலும் கிடைக்காது. சீவாளியின் நீள அகலமும், அதைத் தாங்கும் கெண்டை போன்ற உலோகக் குழாயின் நீளமும் சற்று மாறினாலே சுருதி நகர்ந்துவிடும். உடலை மட்டும் அளந்து சொல்லும் கணக்கு தப்பும். இது தினமும் சீவாளி சீவுகிறவருக்குக் கை அறிந்த உண்மை. ரெக்கார்டரில் காற்றுவழி மரத்திலேயே இருப்பதால் அதன் சாட்சியம் உறுதியானது.

இன்று பரோக் குழுக்கள் 'ஏ' சுரத்துக்கு 415 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 415 அதிர்வு) வைக்கின்றன. இன்றைய பொதுச் சுருதியான 440-க்கு அரைச் சுரம் கீழே. அது நம் காலத்து வசதிக்கான ஏற்பாடு. பிரெஞ்சுக் குழல்களில் பல 392-ஐ ஒட்டி நிற்கும். ஜெர்மன் தேவாலய ஆர்கன்களில் (காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் பெரிய கட்டைக் கருவி) பல 465-ஐ ஒட்டி நிற்கும். லைப்ஸிக் நகரில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் என்ன செய்தார்? ஆர்கன் ஒரு முழுச் சுரம் உயரத்தில் இருந்ததால், மற்றவர்களுக்கு சி மைனரில் எழுதியதை ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு முழுச் சுரம் கீழே, பி ஃப்ளாட் மைனரில், எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் வைமார் நகரில் அவர் எழுதிய கான்டாட்டாக்களில் (குரலும் கருவிகளும் சேர்ந்த தேவாலய இசை) தலைகீழ்: தந்திகள் ஆர்கனோடு சேர்ந்துகொள்ள, ஓபோவின் தாள்தான் உயர்த்தி எழுதப்பட்டது. காரணம் தெரியாத பதிப்பாளர் எல்லாவற்றையும் ஆர்கனின் தாளுக்கு இறக்கிச் சமப்படுத்தினால், ஓபோவின் துளைகளில் இல்லாத கீழ்ச்சுரம் தாளில் வந்து நிற்கும். அதை எப்படி ஊதுவது?

ஆராய்கிறவர், வாசிக்கிறவர் என்ற பிரிவினையே பிற்காலத்தது. 1707-ல் பாரிஸில் குழல் பாடநூல் வெளியிட்ட ஓட்டெத்தேர், குழல் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அரசவையில் வாசித்தவர். நாக்கை 'து', 'ரு' என்று மாற்றி மாற்றித் தட்டச் சொல்கிறார். இரண்டையும் ஊதிப் பாருங்கள்: 'து' வெட்டும், 'ரு' வழுக்கும். ஒரே அளவாக எழுதிய சுரங்கள் நெடிலும் குறிலுமாகத் தாமே அசையும். எல்லாவற்றையும் 'து' என்றே தட்டுகிறவருக்கு அந்த நடை வராது.

உங்கள் வீட்டில் யாராவது இந்தத் துறைக்குப் போக நினைத்தால், நவீன அச்சுப் பதிப்போடு நிற்காமல் பழைய தாளின் நகலை எடுத்துப் படிக்கட்டும். பழைய பிரெஞ்சுக் குழல் தாள்களில், எந்தக் கோடு 'ஜி' சுரம் என்று காட்டும் ஜி குறி இரண்டாம் கோட்டில் இல்லாமல் அடிக்கோட்டில் இருக்கும். கீழ்ச்சுரங்களுக்கான பேஸ் குறியாக நினைத்து இரண்டு எண்மம் (ஸ்தாயி) மேலே வாசித்தால் சரியாக வரும். கூடுதல் பயனும் உண்டு: பக்கக்குழலுக்கான சாதாரணத் தாளை அடிக்கோட்டுக் குறியாகப் பாவித்து மூன்று ஃப்ளாட் (சுரத்தை அரைச் சுரம் இறக்கும் குறி) சேர்த்துக்கொண்டால், ஆல்டோ என்ற நடுத்தர அளவு ரெக்கார்டருக்கு வேண்டிய மைனர் மூன்றாம் சுர (ஒன்றரைச் சுர) உயர்வு கிடைத்துவிடும். டி மேஜர் எஃப் மேஜர் ஆகிவிடும். தாளில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தி எழுத வேண்டியதில்லை.