குரல் உயராத பிள்ளைக்குச் சட்டப்படிப்பு ஒத்துவருமா?

அன்புள்ள அண்ணாச்சி,

சென்ற வாரம் பாளையங்கோட்டையில் சந்தித்தபோது, "நாலு பேர் முன்னால வாய் திறக்காத பிள்ளை, கோர்ட்ல போய் என்னத்தப் பேசப்போகுது?" என்று கேட்டீர்கள். கல்லிடைக்குறிச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் கோர்ட்டை நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். உங்கள் மகள் விரும்புவதோ மக்களின் உரிமை சார்ந்த வழக்குகளை. அவை பெரும்பாலும் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுக்களாக, அதாவது அரசின் நடவடிக்கைக்கு எதிராக நேரடியாக நிவாரணம் கேட்கும் மனுக்களாக, உயர் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. நம் மாவட்டத்துக்கு அது 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட மதுரைக் கிளை. அங்கே பொதுவாகச் சாட்சி விசாரணை கிடையாது. பாதிக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்ததைப் பிரமாணப் பத்திரமாகத் தருவார்; அரசுத் தரப்பு பதில் தாக்கல் செய்யும்; அவசரமானால் அதற்கு முன்பே இடைக்காலத் தடை கேட்கலாம். வழக்கறிஞர் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நீதிபதியின் கேள்விகள் வந்துவிடும்: மேல்முறையீட்டுக்கு வழியிருக்க நேரே இங்கு ஏன் வந்தீர்கள்? விளக்கம் கேட்காமல் உத்தரவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்தப் பக்க எண்ணைத் தடுமாறாமல் சொல்பவருடைய வாதம்தான் நிற்கும்.

நம் மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1929-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடியும் நிலையில், தோட்டத் தொழிலாளர்களின் மறுவாழ்வு கேட்டு 2024-இல் மதுரைக் கிளையில் மனுக்கள் வந்தன. தலைமுறைகளாக அங்கே தேயிலை பறித்தவர்களின் வாழ்வாதாரம் ஒரு பக்கம், புலிகள் காப்பகத்துக் காடு மறுபக்கம். குத்தகை ஆவணத்தையும் வனச் சட்டங்களையும் தொழிலாளர் சட்டங்களையும் வரி வரியாகப் படித்தவரிடமே இப்படியொரு வழக்கை நம்பிக் கொடுக்க முடியும்.

அரசியலமைப்பை நாடாளுமன்றம் எவ்வளவு தூரம் திருத்தலாம் என்று முடிவு செய்த கேசவானந்த பாரதி வழக்கை உச்ச நீதிமன்றத்தில் 13 நீதிபதிகள் 68 நாள் கேட்டார்கள்; தீர்ப்பு 1973 ஏப்ரலில் வந்தது. எல்லா வழக்குக்கும் அந்த நேரம் கிடைக்காது. அன்றைய வழக்குப் பட்டியல் நீண்டிருக்கும் நாளில் சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டியிருக்கும். அதனால் சுருங்கச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே இடமுண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஐந்து நீதிபதிகளோ அதற்கு மேலோ சேர்ந்து கேட்கும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையாக வருகின்றன. ஒரு நாள் மகளோடு அமர்ந்து பாருங்கள். மூத்த வழக்கறிஞர்கள் எவ்வளவு தணிந்த குரலில் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

கடினமானவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் போதும். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த உங்கள் மகள் தினமும் ஒரு தீர்ப்பையாவது ஆங்கிலத்தில் படித்துப் பழக வேண்டும். ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வருமானம் சொற்பமாகவே இருக்கும் என்பதால், அதுவரை வீடு தாங்க வேண்டும். படிப்புச் செலவைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே இடம் கிடைக்கிறது. பிறகு வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது, பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அன்று நீங்கள் மேசைமேல் வைத்த வருமானச் சான்றிதழில் உங்கள் இனிஷியல் ஒரு விதமாகவும் பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்ததை நீங்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவள்தான் பேசாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். அதைத் திருத்தி வாங்கிக்கொண்டு, விண்ணப்பம் தொடங்குவதற்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அண்ணாச்சி.