மேஜைக்கு வந்த நீலப் பறவை

அன்புள்ள ஐயா,

கென்யா போயிருந்தோம். விடுதியில் காலைச் சாப்பாட்டு மேஜைக்கே வந்து ரொட்டித் துணுக்கைக் கொத்திக்கொண்டு போனது ஒரு பறவை. தலை கருப்பு, முதுகில் மினுங்கும் நீலம், வயிறு செங்காவி. 'சூப்பர்ப் ஸ்டார்லிங்' என்றார் வழிகாட்டி. கூட்டத்தில் சில மங்கலாக இருந்தன. அவை பெண்கள்தானே, மயிலைப் போல?

ர.

அன்புள்ள ர.,

இல்லை, அவை இளசுகள். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். அடுத்த முறை கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பறவைக்குக் கண் வெளிறி இருக்கும், இளசுக்குப் பழுப்பு. நெஞ்சின் நீலத்துக்கும் வயிற்றின் காவிக்கும் நடுவே வெள்ளைப் பட்டை இருந்ததா? பட்டை இல்லாமல் கண்ணும் சிவந்திருந்தால் அது ஹில்டிபிராண்ட் ஸ்டார்லிங். கென்யாவில் இரண்டும் உண்டு, வழிகாட்டிகளும் சில சமயம் குழம்புவார்கள்.

மயில் விஷயத்துக்கு வருகிறேன். தோகை ஆணுக்கு மட்டும் என்பது நமக்கு அவ்வளவு பழகிவிட்டது. மங்கலாக எதைப் பார்த்தாலும் பெண் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நம் மைனாவிலும் ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. இதுவும் அதே குடும்பம்தான்.

சூப்பர்ப் ஸ்டார்லிங்குகள் கூட்டுக்குடும்பமாக வாழ்பவை. முள்மரத்தில் புல்லால் உருண்டையாகக் கூடு கட்டும். ஒரு கூட்டில் முட்டையிடுவது ஒருத்தி என்றாலும் குஞ்சுக்குப் பூச்சி கொண்டுவருவது பலர். முட்டையிடும் வாய்ப்புக்குத்தான் போட்டியே. ஆப்பிரிக்க ஸ்டார்லிங்குகளை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் டஸ்டின் ரூபன்ஸ்டைனும் இர்பி லவெட்டும் 2009இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: இப்படிக் கூடி வளர்க்கும் இனங்களில் பெண்ணும் மற்றப் பெண்களோடு மோத வேண்டியிருக்கிறது, அதனால் ஆணுக்கு நிகராகப் பகட்டாக இருக்கிறது.

ரூபன்ஸ்டைன் 2001 முதல் கென்யாவின் லைகிப்பியா பகுதியில், ம்பாலா ஆய்வு மையத்தில் இவற்றைப் பின்தொடர்பவர். அவர் குழு 2025இல் வெளியிட்ட முடிவு எனக்கு இன்னும் பிடித்தது. உதவுகிறவை சொந்தத்துக்கு முன்னுரிமை தருகின்றன, சரி. ஆனால் உறவே இல்லாதவற்றுக்கும் உதவுகின்றன. இன்று உதவி வாங்கியது பின்னொரு பருவத்தில் திருப்பிச் செய்வதும் உண்டு. கிட்டத்தட்ட மொய் எழுதுவது போல. இது தெரிய 20 ஆண்டுக் கணக்கு தேவைப்பட்டிருக்கிறது.

அப்புறம் ஒன்று. பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் எதிரி வந்தால் வேறு குரல் என்று எச்சரிக்கும் பறவை இது. கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் வெர்வெட் குரங்குகள் அந்த இரண்டையும் பிரித்தறிந்து நடந்துகொள்கின்றன.

படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள், கண்ணும் வெள்ளைப் பட்டையும் தெரிகிற மாதிரி.