மேப்பிள் இலைக்கு மட்டக்களப்பு ரோட்டில் என்ன வேலை?

கேள்வி: எனக்கு 41 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு ஒக்டோபரும் நீண்ட தூரம் சைக்கிள் ஓடிவிட்டுப் போட்டோ அனுப்புவார். ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். அதைப் பார்த்த ஆசையில் நானும் இரண்டு நண்பர்களும் தீபாவளி லீவில் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோர ரோட்டால் சைக்கிளில் போக யோசித்திருக்கிறோம். ஒரே நாளில் போய்ச் சேரலாமா? என்னிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள், புதிது வாங்க வேண்டுமா? மனைவி "இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தத் திகதியை மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் மச்சான் இருக்கும் நாட்டில் ஒக்டோபரில் பகல் சுருங்கி இரவு குளிரத் தொடங்கும். இலையிலுள்ள பச்சையம் சிதைய, அதுவரை அடியில் கிடந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்கள் அந்த நேரத்தில் சிவப்பையும் புதிதாக உண்டாக்கும். வெயில் இருக்கும், சூடு இருக்காது. சைக்கிள் ஓடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நமக்கு அதே மாதம் ஐப்பசி. பழைய தமிழர் ஆறாகப் பிரித்த பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், அதாவது நனைந்து நடுங்கும் காலம். இலையுதிர்காலம் நமக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சொல்தான். இங்கே இலை சிவந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வளவில் நிற்கும் வாதுமை மரத்தடிக்குப் போகலாம். அதற்கு 130 கிலோமீற்றர் மிதிக்கத் தேவையில்லை.

ஐப்பசியில் காலை வானம் வெளுத்து நல்ல பிள்ளை போல இருக்கும். பின்னேரம் இடியும் மின்னலுமாக ஊற்றும். வாகரைப் பக்கத்து வெட்டையில் மின்னல் நேரத்தில் இரும்புச் சைக்கிளோடு நிற்பது விளையாட்டல்ல. அதைத் தாண்டிக் கார்த்திகைக்குப் போனால் புயற்காலம். 1978 நவம்பர் 23 இரவை மட்டக்களப்பில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், அழகுக்காகத்தானே போகிறீர்கள்? தீபாவளி நேரம் வயலில் பெரும்போகத்துக்கு உழவும் விதைப்பும் நடக்கும். நீங்கள் காணப்போவது சேறு, கொக்கு, உழவு மெஷின்.

போக வேண்டியது மாசியில், பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு. மழை ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இன்னும் தொடங்கியிராது. மூதூர் தாண்டி வெருகல் வரைக்கும் பல இடங்களில் நெல் முற்றி, ரோட்டின் இரண்டு பக்கமும் பொன்னாகக் கிடக்கும். நிறம் மாறுகிற காலம் நமக்கும் உண்டு தம்பி, மரத்தில் அல்ல, வயலில். மச்சானுக்குப் பதில் போட்டோ அனுப்ப அது போதும். காற்றும் அப்போது உங்கள் பக்கம். நீங்கள் தென்கிழக்காகப் போகிறீர்கள், வாடைக்காற்று இடது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரும். ஆடி, ஆவணியில் இதே ரோட்டில் கச்சான் வலது பக்கமிருந்து முகத்தில் அனலாக அடிக்கும். பள்ளம், ஏற்றம் இல்லாத ரோட்டில் மலை ஏறுவது போல மிதிக்க வைக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டோரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சில்லு ஏறினால் மணலில் போவதைவிட மோசமாக வழுக்கும். விழுந்த காயத்தோடு நெல்லுக்காரரிடம் ஏச்சும் வாங்க வேண்டிவரும். தூரத்தில் கண்டதுமே வேகத்தைக் குறைத்து, பின்னால் வாகனம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, விலகிப் போங்கள்.

இந்த ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. கிழக்கில் நாங்கள் வாகனம் ஏற்றும் மிதவையைப் 'பாதை' என்போம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போக ஒருகாலத்தில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஐந்து பாதை ஏற வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டியதுதான். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. நீளம் 396 மீற்றர். காலையில் அதன் நடுவில் இறங்கி நில்லுங்கள், ஒரு பக்கம் குடாவும் மறுபக்கம் தம்பலகாமத்துக் களப்பும் தெரியும். அப்பால் கங்கைப் பாலத்தில் உங்களுக்குக் கீழே போவது மகாவலி. மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிக் களைத்து வருகிற ஆறு, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரப் போகிறது. வெருகலில் கடப்பதும் அதன் ஒரு கிளைதான். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் செருப்பில்லாமல் நடந்துபோகும் வழி இது. வெருகல் முருகன் கோயிலடியில் நீங்களும் கால் நீட்டி இருங்கள்.

ஒரே நாளில் போகலாமா? பழகிய காலுக்கு முடியும். மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வைத்தாலும் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் சீற்றில் இருக்க வேண்டும். நிற்கிற நேரம் வேறு. முதல் தடவை வேண்டாம். நிலம் வெளுத்ததும் வெளிக்கிட்டு, வெயில் ஏறுமுன் வெருகலைத் தாண்டி, ஏறக்குறையப் பாதிவழியான வாகரையில் மத்தியானம் ஆறி, பின்னேரம் பாசிக்குடாவில் தங்குங்கள். அடுத்த நாள் மிச்சம் 35 கிலோமீற்றர்தான், பத்து மணிக்கு முன்பே மட்டக்களப்பில் தேத்தண்ணி குடிக்கலாம். இருட்டில் மட்டும் ஓடாதீர்கள். யானைக்கு உங்கள் பின்லைட் தெரியாது, தெரிந்தாலும் அது ஒதுங்காது. இதே காரணத்துக்காகத்தான், திரும்பும்போது ஹபரணை, கந்தளாய் வழியால் சுற்றி வரலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம் என்கிறேன். சைக்கிள் மூன்றையும் ஒரு பட்டாவில் (சின்ன லொறி) ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள்.

சைக்கிள் புதிது வேண்டாம். இந்த ரோடு தட்டை, கியர் இருந்தால் எதிர்காற்றுக்கு உதவும், அவ்வளவுதான். கடைக்குக் கொண்டுபோய் இரண்டு சில்லின் பெயாரிங்கையும் கழற்றிக் கிறீஸ் போட்டு, பிறேக் கட்டைகளை மாற்றி, ரயர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். சீற்றை உயர்த்துங்கள். நம்மவர்கள் எல்லோரும் சீற் பணித்துத்தான் ஓடுகிறோம், பிறகு முழங்கால் நோகிறது என்கிறோம். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் கணக்கு.

மேலதிகமாக இரண்டு ரியூப் கொண்டுபோங்கள், கொண்டுபோகுமுன் உங்கள் பம்பால் காற்றடித்துப் பாருங்கள். நான் பாராமல் போனேன். கதிரவெளிக்குக் கிட்ட பின்சில்லு போய்விட்டது. பெட்டியைப் பிரித்துப் புது ரியூப்பைப் போட்டு நிமிர்ந்தால் அதன் வால்வு வேறு வகை, என் பம்பு அதில் பிடிக்கவே இல்லை. விற்ற கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சத்தியம் செய்தவர். கொதிக்கும் தாரில் நாலு கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு நடந்தேன். வழியில் வந்த உழவு மெஷின்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய், ஒட்டுப்போடும் இடத்தில் இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

தை பிறந்ததிலிருந்து பழகுங்கள். உங்கள் வீட்டு வாசலில் புல்மோட்டை ரோடு இருக்கிறது. முதல் கிழமை நிலாவெளி போய் வாருங்கள். பிறகு இறக்கக்கண்டிப் பாலம். கடைசியில் குச்சவெளி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். அதை முடித்த அடுத்த நாள் படியேற முடிந்தால் நீங்கள் தயார். இடையில் நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் வீம்பு பிடிக்காமல் டொக்டரைப் பாருங்கள். பிரஷர் பார்த்து எவ்வளவு காலம் என்று நீங்கள் எழுதவில்லை, எப்படியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய வித்தை இல்லை. தாகம் வருமுன் குடியுங்கள், வெயிலில் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல். ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த பொடி) கரைத்து வையுங்கள், வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. வாழைப்பழம், எள்ளுருண்டை, கச்சான் (காற்றல்ல, கடலை) சட்டைப் பையில் இருக்கட்டும். மத்தியானம் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டால் வாகரையிலேயே பாய் போட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டால் ஜும்ஆ நேரத்தில் வழியில் பல கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஜீன்ஸ் போட்டு ஓட வேண்டாம், தொடை உரிந்துவிடும். பஞ்சு வைத்த இறுக்கமான காற்சட்டையோடு ஊருக்குள்ளால் போகக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு தொளதொளத்த காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான்.

சிவராத்திரியும் மாசியில்தான் வரும். கோணேசர் கோயிலில் நித்திரை முழித்த கையோடு வெளிக்கிட வேண்டாம், இரண்டு நாள் ஆறிப் போங்கள்.

இனி உங்கள் மனைவி. அவர் கேட்டதில் பிழை இல்லை. உங்கள் கடிதத்தில் அவருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் இருக்கிறது, அவரும் வரலாமா என்று ஒரு வரி இல்லை. சைக்கிளில் வேண்டாம், அன்றைக்குப் பிள்ளைகளோடு பாசிக்குடாவுக்கு பஸ்ஸில் வரச் சொல்லிப் பாருங்கள். மூதூரிலும் வெருகலிலும் வாகரையிலும் நின்று ஒரு கோல் எடுங்கள். ஓம் என்றால் உங்கள் மாற்று உடுப்பையும் அவரிடமே கொடுத்துவிடலாம், கரியரில் பாரம் குறையும்.