ரிவெர்ப் அறுந்துபோகாமல் இருக்க… வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீணை வாசிக்கிறேன். குதிரையில் ஒட்டிய காண்டாக்ட் மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப். ரெக்கார்டிங் மென்பொருளில் ஒரே ட்ராக்கில் இ.க்யூ. (தொனியைச் சீராக்குவது), கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்குவது), டிலே (ஒலியைப் பிந்தித் திருப்பித் தருவது), ரிவெர்ப் (கூடத்தில் ஒலிப்பதுபோல ஒலியை நீட்டுவது) நான்கையும் வரிசையாகப் போட்டிருக்கிறேன். ஆலாபனைக்கு ஒரு செட்டிங், தானத்துக்கு ஒன்று. மாற்றும்போதெல்லாம் ரிவெர்ப் கத்தரித்ததுபோல நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வீணைக் கலைஞர், திருவையாறு

ஆலாபனையின் கடைசி ஸ்வரம் அடங்குவதற்குள் அதை வெட்டுவது பெரிய கொடுமை. இதை அவசியம் சரிசெய்துவிடுங்கள். செட்டிங் மாறும்போது பழைய ரிவெர்ப் நினைவகத்திலிருந்து இறங்குகிறது, புதியது ஏறுகிறது. இறங்கிய ரிவெர்ப் தன்னிடம் இருந்த மிச்ச ஒலியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

மேடைக்கு, ப்ளக்-இன்களை (ரிவெர்ப் போன்ற துணை மென்பொருள்களை) ஏற்றி ஓட்டும் ப்ளக்-இன் ஹோஸ்ட் வகை மென்பொருள்தான் என் தேர்வு. விண்டோஸில் கேன்டபிலே, விண்டோஸ், மேக் இரண்டிலும் கிக் பெர்ஃபார்மர், மேக்கில் மட்டும் ஆப்பிளின் மெயின்ஸ்டேஜ். கேன்டபிலேவுக்கு இலவசப் பதிப்பு உண்டு, அதில் தொடங்குங்கள். ரெக்கார்டிங் மென்பொருள் காலக்கோட்டை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. ஹோஸ்டில் காலக்கோடு முக்கியமில்லை, திரையில் இழுக்கும் ஒயர்தான் முக்கியம். எந்த ப்ளக்-இன்னிலிருந்தும் எதற்கு வேண்டுமானாலும் இணைப்பு இழுக்கலாம்.

ஒயர்களை இப்படி இழுங்கள். இன்புட்டிலிருந்து இ.க்யூ., அதிலிருந்து கம்ப்ரஸர். கம்ப்ரஸரிலிருந்து ஒரு ஒயர் நேராக அவுட்புட்டுக்குப் போகட்டும். இதுதான் உங்கள் வீணை, இதை எந்தச் செட்டிங்கிலும் தொடாதீர்கள். கம்ப்ரஸரிலிருந்தே இன்னொரு ஒயர் ஒரு வால்யூம் கட்டுப்பாட்டுக்கு, அங்கிருந்து ரிவெர்புக்கு, பிறகு அவுட்புட்டுக்கு. ரிவெர்பில் டிரை (மூல ஒலி) பூஜ்யம், வெட் (ரிவெர்ப் ஒலி) 100 சதவீதம். டிலேவுக்கும் இதேபோலத் தனிக் கிளை.

தானத்துக்கு மாறும்போது ரிவெர்பை பைபாஸ் செய்ய (ஒலி அதைத் தாண்டிப் போகும்படி விட) வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கும் வால்யூமை மட்டும் இறக்குங்கள். புதிதாக எதுவும் உள்ளே போகாது, ஏற்கெனவே போனது தன் போக்கில் ஒலித்து அடங்கும். கிக் பெர்ஃபார்மரில் ரிவெர்பை எல்லாச் செட்டிங்குக்கும் பொதுவான குளோபல் ராக்ஸ்பேஸிலும், மெயின்ஸ்டேஜில் கான்சர்ட் மட்டத்திலும் வைத்துவிட்டால், கீழே எத்தனை செட்டிங் மாறினாலும் அது இறங்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ப்ரீ-ஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) இல்லாத காண்டாக்ட் மைக்கை இன்டர்ஃபேஸின் சாதாரண லைன் சாக்கெட்டில் செருகினால் அடித்தந்தியின் கனம் போய், ஒலி தகரம்போல வரும். 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று குறித்த சாக்கெட்டில் செருகுங்கள். அதன் இன்புட் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) பொதுவாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். இங்கே இழந்த கனத்தை எந்த இ.க்யூ.வாலும் முழுதாக மீட்க முடியாது.

இ.க்யூ. முதலிலா, கம்ப்ரஸர் முதலிலா?
– மதுரை வாசகர்

வேண்டாததை வெட்டும் இ.க்யூ. முதலில், அழகுக்கு ஏற்றும் இ.க்யூ. பிறகு. மேடை அதிர்வும் மைக்கைத் தட்டும் சத்தமும் கம்ப்ரஸருக்குள் போனால், அந்தச் சத்தத்துக்கெல்லாம் சேர்த்துப் பாட்டையும் அது அமுக்கும்.

மெல்லிசைக் குழுவில் சவுண்ட் பார்க்கிறேன். பாடகரின் குரலை இரண்டு கிளையாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதைக் கம்ப்ரஸரும் லிமிட்டரும் போட்டு நன்றாக அமுக்கிச் சேர்க்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அருமை. சேர்த்தால் குழாய்க்குள் இருந்து பாடுவதுபோல இருக்கிறது. ப்ளக்-இன் கோளாறா?
– சேலம் வாசகர்

ப்ளக்-இன் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கிளை மற்றதைவிடத் தாமதமாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

வரப்போகும் உச்சத்தை முன்கூட்டிப் பார்த்து அமுக்கும் லிமிட்டர், ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துத்தான் வெளியே விட முடியும். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும்போது 48 சாம்பிள் என்றால் 1 மில்லி செகண்ட். காதுக்கு எதிரொலியாகத் தெரியாத அளவுதான். ஆனால் சம அளவுள்ள இரண்டு கிளைகளில் ஒன்று 1 மில்லி செகண்ட் பிந்தினால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிறகு 1,500, 2,500 என்று ஏறிக்கொண்டே போகும். குரலின் சதைப்பற்று முழுக்க அங்கேதானே இருக்கிறது! தாமதம் 5 மில்லி செகண்ட் என்றால் 100, 300, 500 என்று இன்னும் நெருக்கமாகப் பள்ளம் விழும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, இதை ஒத்திகையிலேயே செய்துவிடுங்கள். பதிவு செய்த குரல் ஒன்றை இரு கிளைக்கும் அனுப்புங்கள். கம்ப்ரஸர், லிமிட்டர் இரண்டின் த்ரெஷோல்டையும் (அமுக்கத் தொடங்கும் அளவு) அவை எதையும் அமுக்காத அளவுக்கு ஏற்றிவிடுங்கள். பைபாஸ் செய்யாதீர்கள், சில ப்ளக்-இன்கள் பைபாஸில் தாமதத்தையும் சேர்த்தே விட்டுவிடும். இரு கிளையின் அளவையும் சமமாக்கி, ஒரு கிளையின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (ஒலி அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்). நிசப்தம் வந்தால் இரண்டும் சரியாகச் சேர்ந்திருக்கின்றன. மெலிந்த ஒலி மிச்சம் இருந்தால், அமுக்காத நேர்க்கிளையில் சாம்பிள் கணக்கில் அமைக்கக்கூடிய டிலே ஒன்றைப் போட்டு ஒவ்வொரு சாம்பிளாக ஏற்றுங்கள். ஓர் இடத்தில் சட்டென்று அடங்கும். அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு போலாரிட்டியை மறுபடி நேராக்குங்கள், த்ரெஷோல்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ரெக்கார்டிங் மென்பொருள்கள் இந்தத் தாமதத்தைப் பெரும்பாலும் தாமாகவே ஈடுகட்டும். மேடைக்கான ஹோஸ்ட்கள் எல்லாமே அப்படிச் செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். வெட் 100 சதவீதமாக உள்ள ரிவெர்ப் கிளைக்கு இந்தப் பயம் இல்லை. அங்கே தாமதம் கொஞ்சம் கூடினால் ரிவெர்ப் சற்றுப் பிந்தித் தொடங்கும், குரலில் பள்ளம் விழாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முன்கூட்டிப் பார்க்கும் வசதியையே அணைத்துவிடுவேன். 128 சாம்பிள் பஃபரில் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலியின் அளவு) உள்ளே போகவும் வெளியே வரவும் 2.7 மில்லி செகண்ட் வீதம் ஏற்கெனவே போய்விடுகிறது. பாடகர் இன்-இயர் போட்டிருந்தால் தன் குரலை எலும்பு வழியாக உடனே கேட்பார், இயர்போனில் பிந்திக் கேட்பார். அவருக்கும் அதே குழாய்ச் சத்தம்தான், சுருதி பிடிக்கவும் சிரமப்படுவார். அவருடைய மானிட்டருக்கு மிக்ஸரிலிருந்தே நேராகக் கொடுங்கள், லேப்டாப் வழியாக வேண்டாம்.

இன்னொன்று, ஒரே மாதிரியான இரண்டு கிளைகளைச் சம அளவில் சேர்த்தால் 6 டெசிபல் ஏறும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும். அளவைக் குறைத்துச் சமமாக்கிய பிறகுதான் அமுக்கிய கிளை உண்மையிலேயே தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

கல்லூரி மாணவன். பழைய லேப்டாப், லினக்ஸ். காசு செலவழிக்காமல் முடியுமா?
– நாகர்கோவில் வாசகர்

தாராளமாக முடியும். கார்லா என்ற ஹோஸ்டைப் போடுங்கள். திறந்த மூலம், இலவசம். எல்.வி.2, வி.எஸ்.டி. என்று பல வகை ப்ளக்-இன்களை ஏற்கும். ராக் முறையில் வரிசையாகவும் அடுக்கலாம், பேட்ச்-பே முறையில் ஒயர் இழுத்தும் இணைக்கலாம். நான் மேலே சொன்ன கிளைகளுக்குப் பேட்ச்-பேதான் வேண்டும். லினக்ஸில் ஒலியைக் கடத்தும் மென்பொருள்களான ஜாக் அல்லது பைப்வயர் வழியாக ஒலியைக் கொடுங்கள், பஃபரை 256-இல் தொடங்குங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் 512-க்கு ஏற்றுங்கள்.

ப்ளக்-இன் ஒன்று படுத்துவிட்டால் ஹோஸ்டும் சேர்ந்து படுக்கும். சந்தேகமான ப்ளக்-இன்னைத் தனி ப்ராசஸில் ஓடவிடும் பிரிட்ஜ் வசதி கார்லாவில் இருக்கிறது. மேடைக்கு எடுத்துப்போகும் முன் கச்சேரி நீளத்துக்கு ஒரு தடவை வீட்டில் முழுசாக ஓடவிட்டுப் பாருங்கள், வைஃபையை அணைத்துவிட்டு.