பிளஸ் டூ உடற்கல்வி: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக உடற்கல்வி நடத்தி வருகிறேன். தேர்வு நெருங்குவதால் கேள்விகள் குவிந்திருக்கின்றன. முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, உடற்கல்வி எடுத்தால் எளிதாக மதிப்பெண் வருமா? நான் பள்ளி கபடி அணியில் இருக்கிறேன்.

பதில்: தம்பி, எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த 70-க்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். செய்முறையிலும் விளையாட்டுத் திறனுக்கு 7 மதிப்பெண்தான். யோகாவுக்கு 7, உடல்தகுதித் தேர்வுக்கு 6, ரெக்கார்டு நோட்டுக்கு 5, வாய்மொழித் தேர்வுக்கு 5. கபடி உனக்குக் கைகொடுக்கும் இடம் சிறியது. புத்தகத்தைத் திற.

கேள்வி: 19 அணிகள் மோதும் நாக் அவுட் போட்டிக்கு அட்டவணை போடும்போது ஒவ்வொரு முறையும் தவறு வருகிறது.

பதில்: மொத்த ஆட்டங்கள் 18; அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 19-க்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 32. 32-இல் 19 போக 13. அதுதான் 'பை' எண்ணிக்கை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் அணிகளின் எண்ணிக்கை. மேல்பாதியில் 10 அணிகள், 6 பை. கீழ்ப்பாதியில் 9 அணிகள், 7 பை. முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல்பாதியின் முதல் அணிக்கு என்று மாறி மாறிப் போகும்.

இனி சரிபார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். மேல்பாதியில் பை கிடைக்காத 4 அணிகள் மோதினால் 2 அணிகள் மிஞ்சும். பை பெற்ற 6 அணிகளோடு சேர்த்தால் 8. கீழே 2 அணிகள் மோதி ஒன்று மிஞ்சும். அதோடு 7 சேர்ந்தாலும் 8. இரண்டு பாதியிலும் 8 வராவிட்டால் எங்கோ பிழை. அளவுகோல் வைத்துப் பென்சிலால் கோடு போடு.

கேள்வி: விளையாடிய மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்குவதால்தானே? எங்கள் பயிற்சியாளர் அப்படித்தான் சொல்கிறார்.

பதில்: இல்லை. லாக்டிக் அமிலம் உடலில் லாக்டேட்டாகவே இருக்கிறது. கடும் ஓட்டத்தின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட், ஓய்வெடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்?

கேள்வி: ஐயா, நான் முன்னவருக்காகப் பேசுகிறேன். அமிலத்தை வெளியேற்றத்தானே பயிற்சிக்குப் பிறகு மெதுவாக ஓடச் சொல்கிறார்கள்?

பதில்: மெதுவாக ஓடினால் லாக்டேட் விரைவில் குறையும் என்பது உண்மை. மறுநாள் வலிக்கு அதுதான் காரணம் என்பது உண்மையல்ல. பழநி மலைக்குப் போய்வந்ததை நினைத்துப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். லாக்டேட் கூடுவதும் அப்போதுதான். இறங்கும்போது பேசிக்கொண்டே வந்துவிடலாம். ஆனால் மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியாமல் தொடையைப் பிடிக்க வைப்பது பெரும்பாலும் அந்த இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைத் தொடர்ந்து வலி வருகிறது. லாக்டேட் கழிவும் அல்ல. இதயத்தசை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. இருபது வயதில் நானும் மாணவர்களுக்குத் தவறாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கேள்வி: அப்படியென்றால் தேர்வில் எதை எழுதுவது?

பதில்: கேள்வி களைப்பைப் பற்றியதா, மறுநாள் வலியைப் பற்றியதா என்று முதலில் பார். களைப்பு என்றால் புத்தகத்தில் உள்ள காரணங்களை எழுது. மறுநாள் வலி என்றால் தசையின் நுண்சேதத்தை எழுது. இரண்டையும் குழப்பாதே.

கேள்வி: உடற்கல்வி எளிதான பாடமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முதியோருக்கான ரிக்லி-ஜோன்ஸ் உடல்தகுதித் தேர்வு மனத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: மனப்பாடம் செய்யாதேம்மா, செய்து பார். என் மாணவி ஒருத்தி தன் பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்தாள். நாற்காலி நழுவாமல் இருக்க முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்தாள். பாட்டி இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக மடக்கிக்கொண்டு, முப்பது வினாடியில் பதினோரு முறை முழுதாக எழுந்து உட்கார்ந்தார். கையை ஊன்றி எழுந்த ஒரு முறையை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. "ஏண்டி குறைக்கிறாய்?" என்று பாட்டி சண்டைக்கு வந்தாராம். வாய்மொழித் தேர்வில் விதியைக் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. அடுத்த வாரம் தாத்தாவை நாற்காலியிலிருந்து எழுந்து, எட்டு அடி தூரம் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல். அந்தத் தேர்வும் மறக்காது.

கேள்வி: குண்டு எறிதலுக்கு 45 பாகைதானே சிறந்த கோணம்?

பதில்: எறியும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால், காற்றுத் தடையை விட்டுவிட்டால், 45. குண்டு தோள் உயரத்துக்கு மேலிருந்து புறப்படுகிறது. அதனால் கோணம் 45-க்குக் குறைய வேண்டும்.

கேள்வி: மகள் உடற்கல்வி ஆசிரியராக விரும்புகிறாள். அடுத்து என்ன படிக்கலாம்?

பதில்: உடற்கல்வியிலேயே இளநிலைப் பட்டம் இருக்கிறது. வேறு பட்டம் முடித்தபின் இரண்டாண்டு பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் பட்டம் படிக்கலாம். சென்னை நந்தனத்தில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இதற்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தந்த ஆண்டின் சேர்க்கை விதிகளை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் விளையாட்டு பீரியடைக் கணக்கு வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

பதில்: பெற்றோரை அழைத்துப்போய்த் தலைமையாசிரியரிடம் சொல். இது உன் தேர்வுப் பாடம். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: ஐயா, ரெக்கார்டு நோட்டு இன்னும் தொடங்கவில்லை. இந்தப் பாடம் எளிது என்றுதானே...

பதில்: இன்றிரவு முதல் பக்கத்தை எழுது. நாளை காலை 600 மீட்டர் ஓடி, உன் நேரத்தை இரண்டாம் பக்கத்தில் குறித்துவை.