டிராஜெனைத் தெரியாமல் ஸாக்ரெபில் காபி குடிப்பது கஷ்டம்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் ஓர் உணவகச் சமையலறையில் சேர்ந்திருக்கிறீர்கள். காபி இடைவேளையில் எல்லாரும் பாஸ்கெட்பால் பேசுகிறார்கள், டிராஜென் டிராஜென் என்று ஒரே பெயர். ஷிபெனிக் ஊர்க்காரரான உங்கள் செஃப்பிடம், "அவர் யுகோஸ்லாவிய வீரர்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கூடவே இன்னொரு குறை: ஊரில் தனியாக ஒரு கிச்சனையே நடத்தியவர், இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இதை எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் ஒரே ஆளை வைத்துப் பதில் சொல்ல முடியும். டிராஜென் பெட்ரோவிச், குரோவேஷியாவின் பாஸ்கெட்பால் வீரர். 1964இல் பிறந்தவர், 28 வயதில் இறந்துபோனவர். இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இங்கே அவரைப் பற்றிப் பேசும்போது "இருந்தார்" என்பதைவிட "இருக்கிறார்" என்கிற தொனிதான் அதிகம்.

முதலில் செஃப் ஏன் எழுந்து போனார் என்று பார்ப்போம். நீங்கள் சொன்னது பொய்யும் இல்லை. 1984 ஒலிம்பிக்கில் வெண்கலம், 1988இல் சியோலில் வெள்ளி, 1989இல் இதே ஸாக்ரெபில் ஐரோப்பியக் கோப்பை, 1990இல் புவெனஸ் ஐரஸில் உலகக் கோப்பை, எல்லாமே யுகோஸ்லாவியச் சட்டையில் வாங்கியவைதான். ஆனால் குரோவேஷியா அந்த நாட்டிலிருந்து பிரிந்தபோது, 1991 செப்டம்பரில் யுகோஸ்லாவிய ராணுவம் ஷிபெனிக்கைத் தாக்கியது. உங்கள் செஃப்புக்கு ஐம்பது வயது என்றால், அப்போது பள்ளிக்கூடப் பையன். அந்த ஊர்க்காரரிடம் போய் அந்த நாட்டின் பெயரை முதல் வார்த்தையாகச் சொன்னால் யாருக்குத்தான் காபி இறங்கும்? 1992இல் பார்சலோனாவில் குரோவேஷியா என்ற பெயரில் முதன்முறையாகக் கோடைக்கால ஒலிம்பிக்குக்குப் போன அணியின் தலைமகன் டிராஜென். இவர்கள் மனதில் நிற்பது அந்தச் சட்டை.

அதனால் இங்கே யாரிடமாவது டிராஜென் பேச்சை எடுப்பதற்கு முன்னால், அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டிராஜென் உண்டு.

ஷிபெனிக்காரரின் டிராஜென் ஒல்லியான பையன். அண்ணன் அலெக்சாண்டரைப் பார்த்துப் பந்தைத் தொட்டவன். பள்ளிக்குப் போகுமுன் விடியற்காலையில் பால்டெகின் அரங்கத்துக்குப் போய், ஆளில்லாத கூடத்தில் 500 தடவை பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவான் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். 15 வயதில் அந்த ஊர் கிளப்பான ஷிபென்காவின் முதல் அணியில் இடம். சின்னத் துறைமுக ஊரின் அந்த அணி 1982, 1983 இரண்டு வருடமும் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோராச் கோப்பையின் இறுதிப்போட்டிவரை போனது; இரண்டு முறையும் பிரான்ஸின் லிமோஜ் அணியிடம் தோற்றது.

அப்புறம் 1983 ஏப்ரல் 9. இந்தத் தேதியை மனதில் வையுங்கள், உங்கள் செஃப்பைச் சமாதானப்படுத்த இது ஒன்றே போதும். யுகோஸ்லாவிய லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டம், சொந்த ஊரில், சரயேவோவின் போஸ்னா அணியோடு. ஷிபென்கா ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, நேரம் முடிந்தேவிட்டது. கடைசி நொடியில் நடுவர் கொடுத்த ஃபவுலுக்காக 18 வயதுப் பையன் டிராஜென், யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டில் தனியாக நிற்கிறான். இரண்டையும் போட்டான். 83-82. ஊரே தெருவுக்கு வந்து விடிய விடியக் கொண்டாடியது. மறுநாள் பாஸ்கெட்பால் சம்மேளனம் நடுவர் தீர்ப்பில் கோளாறு என்று சொல்லி முடிவை ரத்து செய்து, பொது இடத்தில் மறு ஆட்டம் என்றது. ஷிபென்கா போக மறுத்தது. பட்டம் போஸ்னாவுக்குப் போனது. ஒரே ஒரு இரவுக்குச் சாம்பியனாக இருந்த ஊர் அது. உங்கள் செஃப்பிடம் "அந்த 83 ஆட்டத்தில் உண்மையில் ஃபவுல் இருந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியிருக்காது.

ஸாக்ரெப்காரரின் டிராஜென் வேறு. ராணுவச் சேவை முடித்து 1984இல் ட்சிபோனா கிளப்புக்கு வந்தவர். அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். 1985இல் ஏதென்ஸில் ரியல் மாட்ரிட்டை 87-78 என்று வீழ்த்தி ஐரோப்பியச் சாம்பியன். இவர் மட்டும் 36 புள்ளி. அடுத்த வருடம் புடாபெஸ்டில், சபோனிஸ் என்ற பெரிய வீரர் ஆடிய லித்துவேனியாவின் ஜல்கிரிஸ் அணியை 94-82 என்று வென்று மறுபடியும் சாம்பியன். இந்த டிராஜென் திமிர் பிடித்தவர். கூடை விழுந்தால் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், எதிரணியைச் சீண்டுவார். வெளியூர் ரசிகர்களுக்கு அவரைக் கண்டாலே எரியும், உள்ளூர்க்காரர்களுக்கு அதைப் பார்க்கவே ஆனந்தம்.

ஒரே ஆட்டத்தில் 112 புள்ளி எடுத்த கதையும் உங்கள் காதில் விழும். 1985 அக்டோபர், லுப்லியானாவின் ஓலிம்பியாவுக்கு எதிராக. நடந்தது உண்மைதான். ஆனால் அன்று எதிரணி இறக்கியது பொடியன்களை. மூத்த வீரர்களின் பதிவில் ஏதோ சிக்கல். என்னைக் கேட்டால் அது வெறும் எண்ணிக்கை. 1989இல் ரியல் மாட்ரிட்டுக்காக, இத்தாலியின் கசெர்தா அணிக்கு எதிராகக் ‘கோப்பை வென்றவர் கோப்பை’ என்ற ஐரோப்பிய கிளப் போட்டியின் இறுதியில் எடுத்த 62தான் கணக்கில் வரும். கூடுதல் நேரம்வரை போன ஆட்டம், 117-113. அந்தப் பக்கம் பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் 44 போட்டும் போதவில்லை. நாலு வருடமாகத் தன்னை அடித்துத் துவைத்த ஆளையே மாட்ரிட் 1988இல் காசு கொடுத்து வாங்கியது பாருங்கள், அதுவும் நல்ல கூத்து. ஒரே சீசன். அங்கேயும் தங்கவில்லை.

இனி உங்கள் வெங்காயத்துக்கு வருகிறேன்.

1989இல் அமெரிக்காவுக்குப் போனார், போர்ட்லாந்து டிரெயில் பிளேஸர்ஸ் அணிக்கு. ஐரோப்பாவில் அவருக்கு மேல் ஆள் இல்லை. அங்கே பார்த்தால் அவருடைய இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லர், டெர்ரி போர்ட்டர் என்று இரண்டு பேர் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் சீசனில் சராசரியாக ஆட்டத்துக்குப் பன்னிரண்டரை நிமிடம். 48 நிமிட ஆட்டத்தில் மீதி நேரம் பெஞ்ச். இரண்டாவது சீசனில் டேனி ஏஞ்சையும் கொண்டுவந்தார்கள். டிராஜெனுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். ஐரோப்பாக்காரனுக்கு ஓட முடியாது, தடுப்பாட்டம் வராது என்ற எண்ணம் அப்போது அங்கே சாதாரணம். நம் ஆள்களைப் பார்த்து "உங்களுக்கு இந்த மெஷின் ஓட்ட வராது" என்று இங்கே சொல்வார்களே, அதே வகை.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் கதையை மாற்றிவிடுவார்கள். "பார், டிராஜென் எவ்வளவு பொறுமையாக இருந்தார், நீயும் இரு" என்பார்கள். அவர் பொறுமையாக எல்லாம் இருக்கவில்லை. தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொல்லி வெளிப்படையாகவே கேட்டார், பத்திரிகைகளிடம் குமுறினார். 1991 ஜனவரியில் நியூஜெர்சி நெட்ஸுக்கு மாற்றினார்கள். அது அப்போது தோற்றுக்கொண்டே இருந்த அணி, யாருக்கும் பெரிய மதிப்பு கிடையாது. அவருக்கு வேண்டியது ஆடுகளத்தில் நிமிடங்கள். அது அங்கே கிடைத்தது. 1991-92இல் 82 ஆட்டமும் ஆடினார், சராசரி 20.6 புள்ளி. அடுத்த வருடம் 22.3. மூன்று புள்ளி வீச்சில் நூற்றுக்கு 45 கூடைக்குள் விழுந்தது. அந்தச் சீசனில் லீக்கின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவராகத் தேர்வானார். ஆனாலும் அதே வருடம் லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. அந்த மனக்கசப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது.

பெஞ்சில் இருந்த காலத்திலும் ஒன்றை மட்டும் விடவில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பார், எடைப்பயிற்சி செய்து உடம்பை ஏற்றினார். ஷிபெனிக் பையனின் பழைய பழக்கம். கேட்கவும் செய்தார், தயாராகவும் இருந்தார்.

ஆனால் தம்பி, அவருக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் மாறியபோது குடியேற்றக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். உங்கள் வேலை அனுமதி உங்களை எடுத்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. கோபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டால் அந்த அனுமதியே சிக்கலாகிவிடலாம். அதனால் முதலில் செஃப்பிடம் நேராகக் கேளுங்கள்: அடுப்புப் பக்கம் எப்போது விடுவீர்கள் என்று. இங்கே சுற்றி வளைத்துப் பேசினால் அவர்களுக்குப் புரியாது, நேராகக் கேட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். அவர் பதில் சரியில்லை என்றால், வேறு இடம் பாருங்கள். ஆனால் கையில் புது இடத்தின் எழுத்துமூல ஒப்புதல் வந்து, காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் போய் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பழைய இடத்தில் வாயைத் திறங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பி மட்டும் எதையும் செய்யாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அவர்களுக்குத் தெரிந்தது பல நேரம் போன வருடத்து விதி.

இன்னும் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. ஒன்று, விளாடே டிவாட்ஸ் பேச்சு. செர்பியர், டிராஜெனும் அவரும் யுகோஸ்லாவிய அணியில் அறைத்தோழர்கள், ஒரே வருடம் அமெரிக்காவுக்குப் போனவர்கள். 1990 உலகக் கோப்பை வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் குரோவேஷியக் கொடியோடு மைதானத்துக்குள் வந்தார். டிவாட்ஸ் அதைப் பிடுங்கித் தூக்கிப்போட்டார். கொண்டாட்டத்துக்கு அரசியல் வேண்டாம் என்றுதான் செய்தேன் என்பது அவர் தரப்பு. அதன்பின் நட்பு முறிந்தது, ஒட்டவே இல்லை. பல வருடம் கழித்து டிவாட்ஸ் ஸாக்ரெப் வந்து டிராஜெனின் அம்மாவைப் பார்த்தார், கல்லறையில் இருவரும் சேர்ந்திருக்கும் படத்தை வைத்தார். இங்கே சிலர் அதற்கு மனமிரங்கினார்கள், சிலர் இல்லை. காபி மேஜையில் நீங்கள் எந்தப் பக்கமும் பேசாதீர்கள்.

இரண்டாவது, டிராஜென் இறந்த 1993 ஜூன் 7. போலந்தில் தகுதிச்சுற்று ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், அணி ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விமானத்தில் வந்தது; டிராஜென் காரில் போனார். ஜெர்மனியில் இங்கோல்ஷ்டாட் அருகே மழையில் ஒரு லாரி நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நின்றது. கார் அதன்மேல் மோதியது. முன் இருக்கையில் பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தோம் என்று ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இங்கே சொல்லத் தெரியும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பாஸ்கெட்பால் பார்க்கவே மாட்டார். அவரும் வரிசையாகச் சொல்வார், எந்தக் கடை வாசல், யார் சொன்னது, ரேடியோவில் அடுத்து என்ன பாட்டு போட்டார்கள் என்று. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாக எடுக்காதீர்கள்.

ஒரு மாதத்துக்குள்ளேயே குரோவேஷியா ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வென்றது. 1994இல் உலக வெண்கலம், 1995இல் இன்னொரு ஐரோப்பிய வெண்கலம். அதோடு சரி. ஆண்கள் அணிக்கு அப்புறம் பெரிய பதக்கமே இல்லை. இதற்காகச் சம்மேளனத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். உரிமை அவர்களுக்கு, நாம் தலையை ஆட்டினால் போதும்.

நேரம் கிடைத்தால் சாவ்ஸ்கா சாலைப் பக்கம், ட்சிபோனா கோபுரத்தின் அடியில் இருக்கும் டிராஜென் நினைவு மையத்துக்குப் போய் வாருங்கள். சதுக்கம், அரங்கம், எல்லாம் அவர் பெயரில்தான். முடிந்தால் செஃப்பையும் கூட்டிக்கொண்டு போங்கள், நுழைவுச்சீட்டு உங்கள் செலவில். பார்சலோனா அரையிறுதி பற்றி வழியில் கேளுங்கள்: பழைய சோவியத் வீரர்களின் அணியை 75-74 என்று வென்ற ஆட்டம், கடைசி நொடிகளில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றது அதே ஷிபெனிக் பையன். இறுதியில் ஜோர்டன், மேஜிக் எல்லாம் இருந்த அமெரிக்க அணியிடம் 117-85 என்று தோற்றார்கள். ஆனால் முதல் பாதியில் ஒரு கட்டத்தில் 25-23 என்று முன்னிலையில் இருந்ததைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம், அந்தச் சமையலறையில் ஸாடர் ஊர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். இருந்தால் "டிராஜென்தான் எல்லாரிலும் பெரியவர்" என்று அவர் காதில் விழச் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தங்கள் ஊர் அணியில் ஆடிய பழைய வீரர் கிரெஷிமிர் சோசிச்தான் கடவுள். செஃப்பும் அவரும் ஆரம்பித்தால் அன்றைக்கு வெங்காயத்தோடு அடுப்பையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.