8வது ஊதியக் குழுவை நம்பி 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கலாமா? ஒரு ஹவில்தார் குடும்பத்தின் கணக்கு

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். 21 வருஷ சர்வீஸ் முடிந்துவிட்டது, வயது 40. இப்போது வடகிழக்கில் ஃபீல்டு போஸ்டிங். நானும் இரண்டு பிள்ளைகளும் குடியாத்தத்தில் 9,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். பள்ளிக் கட்டணம் ஆளுக்கு வருஷம் 55,000. டிசம்பர் 2025 பே ஸ்லிப்பில் பேசிக் 39,200. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.ஏ. (அகவிலைப்படி) ஏற்றுகிறார்கள், ஆனாலும் 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை. 8வது ஊதியக் குழு வந்தால் 2.86 மடங்கு, பேசிக் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள். ஒரு வங்கி ஏஜென்ட் 30 லட்சம் வீட்டுக் கடன் 20 வருஷத் தவணையில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சம்பளம்தான் ஏறப் போகிறதே என்று துணிந்து வாங்கிவிடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: 30 லட்சம் வேண்டாம் சகோதரி. கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பே ஸ்லிப்பை ஒருமுறை சேர்ந்து படித்துவிடுவோம். ராணுவத்தினருக்கான ஹம்ராஸ் செயலியில் உங்கள் கணவர் பார்க்கிற அதே தாள்தான். ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பேசிக் 39,200. அதோடு ராணுவத்துக்கு மட்டும் உள்ள மிலிட்டரி சர்வீஸ் பே, ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரிகள்) 5,200. இரண்டும் சேர்ந்து 44,400. டி.ஏ. இந்த 44,400-க்குக் கணக்கிடப்படுகிறது. 2025 ஜூலை முதல் 58 சதவீதம், அதாவது 25,752. ஆக 70,152. வீட்டு வாடகைப் படிக்கு மட்டும் அந்த 5,200-ஐச் சேர்க்க மாட்டார்கள். குடியாத்தம் மாதிரி ஊர்களுக்கு பேசிக்கில் 10 சதவீதம், 3,920 ரூபாய். மொத்தம் 74,072. ஃபீல்டு படி இதற்கு மேல் தனி. அதை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பீஸ் ஸ்டேஷனுக்கு (எல்லைப் பதற்றம் இல்லாத சாதாரண முகாம்) மாற்றல் வந்த மாதமே அது நின்றுவிடும். நின்றுபோகிற காசை நம்பித் தவணை கட்ட முடியாது.

இனி டி.ஏ. 2025 ஜூலை தவணையில் 55-லிருந்து 58 ஆனபோது '3 சதவீதம் சம்பள உயர்வு' என்று பத்திரிகைகளில் வந்தது. உங்கள் வீட்டுக்கு வந்தது 1,332 ரூபாய். அதற்கு முன் வாங்கிக்கொண்டிருந்த 68,820-இல் இது 2 சதவீதம்கூட இல்லை. 3 என்பது பேசிக்கின் மேல் போட்ட கணக்கு, மொத்தச் சம்பளத்தின் மேல் போட்டதல்ல.

அதைவிட முக்கியமாக, டி.ஏ. என்பது உயர்வே கிடையாது. 2015ஆம் வருஷத்துச் சராசரி விலையோடு ஒப்பிட்டால் இன்றைய விலை எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்பதுதான் அந்த 58. தொழிலாளர் பணியகம் நாட்டின் 88 தொழில் மையங்களில், 317 சந்தைகளில் விலை எடுத்துப் போடுகிற குறியீட்டெண்ணை வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் இன்று 158 ஆகிவிட்டது, இந்தா மீதி 58 என்று கொடுப்பது. அதுவும் தாமதமாக. ஜூலை டி.ஏ.வுக்கு ஜூன் வரையிலான 12 மாதச் சராசரியை எடுக்கிறார்கள், அறிவிப்பு தீபாவளியை ஒட்டி வருகிறது. விலை ஏறி ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அதற்கான காசு கைக்கு வருகிறது. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு மேல் உணர்கிறீர்கள். கொரோனா காலத்தில் இதுவும் நின்றது ஞாபகம் இருக்கும். 2020 ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளை நிறுத்தி வைத்து, 2021 ஜூலையில் 17-லிருந்து 28-க்கு ஏற்றினார்கள். இடைப்பட்ட 18 மாத அரியர்ஸ் வரவே இல்லை.

இன்னொரு ஓட்டை, சராசரி எல்லாருக்கும் பொருந்தாது என்பது. அந்தக் குறியீட்டில் சாப்பாட்டுக்கு 39 சதவீத எடை, வீட்டுக்கு சுமார் 17. உங்கள் கணவருக்கு யூனிட்டிலேயே ரேஷன், கேன்டீனில் சோப்பு எண்ணெய் விலை குறைவு. ஆக, சாப்பாட்டு விலை ஏறும்போது உங்களுக்கு அடி கொஞ்சம் குறைவு. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும்? 9,000 வாடகைக்கு வருவது 3,920. பிள்ளைகளின் கல்விப் படி 2024 ஜனவரியில் மாதம் 2,250-லிருந்து 2,812.50 ஆனது. வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு 33,750. நீங்கள் கட்டுவது 55,000. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 42,500 ரூபாய் கையிலிருந்து போகிறது. டி.ஏ. 50 சதவீதத்தைத் தொட்டபோது இந்தப் படி 25 சதவீதம் ஏறியது, அவ்வளவுதான். பள்ளிகள் அப்படி வருஷக்கணக்கில் காத்திருந்தா கட்டணத்தை ஏற்றுகின்றன?

சரி, 8வது ஊதியக் குழுவுக்கு வருவோம். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025 நவம்பர் தொடக்கத்தில் குழு அமைந்தது. அறிக்கை தர 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே வாக்கில். போன தடவை நடந்ததைப் பாருங்கள். 7வது குழு 2015 நவம்பரில் அறிக்கை தந்தது, 2016 ஜூன் கடைசியில் மந்திரிசபை ஒப்புதல் தந்தது. ராணுவத்துக்கான புதிய சம்பள விதிகள் வந்தது 2017 மே மாதம். பேசிக்குக்கு 2016 ஜனவரியிலிருந்து அரியர்ஸ் கிடைத்தது. வாடகைப் படி உள்ளிட்ட புதிய படிகள் 2017 ஜூலை முதல்தான், அவற்றுக்கு அரியர்ஸ் கிடையாது. இந்தத் தடவையும் 2026 ஜனவரி தேதியிட்டே கொடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், வாடகைக்கும் படிகளுக்கும் அரியர்ஸ் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த 2.86. மடங்கு என்ற சொல்லில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 7வது குழுவில் மடங்கு 2.57. கேட்டால் இரண்டரை மடங்கு சம்பளம் மாதிரி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு டி.ஏ. 125 சதவீதம். 100 ரூபாய் பேசிக் வாங்கியவர் ஏற்கெனவே 225 ரூபாய் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். 225 என்பது 257 ஆயிற்று, உண்மையான உயர்வு சுமார் 14 சதவீதம். புதுச் சம்பளத்தில் டி.ஏ. மறுபடி சைபரில் தொடங்கியது.

உங்கள் டிசம்பர் 2025 பே ஸ்லிப்பில் 100 ரூபாய் பேசிக்குக்குக் கையில் 158 வருகிறது. போன தடவை மாதிரியே 14 சதவீதம்தான் உயர்வு என்றால் மடங்கு சுமார் 1.8 ஆகும். உங்கள் கணவரின் 44,400, டி.ஏ. இல்லாமல் 79,920 ஆகும். அந்த பே ஸ்லிப்பின் 70,152-ஐவிட 9,768 ரூபாய் கூடுதல். மடங்கு இரண்டு என்று வைத்தால் 88,800. 2.86 வந்தால் கையில் வருவது ஒரே அடியில் 80 சதவீதம் கூட வேண்டும். ஊழியர் தரப்பு கேட்கலாம், கேட்பது அவர்கள் உரிமை. யூடியூபில் போடலாம், அது அவர்கள் பிழைப்பு. அதை வைத்து நீங்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

இதெல்லாம்கூட இரண்டாம் பட்சம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது '21 வருஷ சர்வீஸ்' என்ற வரி. ஹவில்தாருக்கு 24 வருஷத்தில் ஓய்வு. நீட்டிப்புக்கான ஸ்கிரீனிங்கில் (தகுதிப் பரிசீலனை) தேறினால் இன்னும் 2. அதாவது 20 வருஷக் கடனில் சம்பளத்திலிருந்து தவணை போவது 3 வருஷம், மிஞ்சிப் போனால் 5. மீதி எல்லாம் பென்ஷனில். ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பென்ஷன் என்பது கடைசி பேசிக்கிலும் சர்வீஸ் பேயிலும் பாதி. ராணுவத்தை புதிய பென்ஷன் திட்டத்தில் சேர்க்கவில்லை, அந்த வகையில் பாக்கியம். டிசம்பர் பே ஸ்லிப் கணக்கில் 22,200, அதற்கு 58 சதவீத நிவாரணம் (பென்ஷன்காரர்களுக்கான டி.ஏ.) 12,876, ஆக 35,076. பெரும்பாலோர் செய்வதுபோல் பென்ஷனில் பாதியை கம்யூட் செய்து, அதாவது விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான தொகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கினால், மாதம் கைக்கு வருவது மீதி 11,100-உம் நிவாரணம் 12,876-உம் சேர்ந்து 23,976. 15 வருஷத்துக்கு இப்படித்தான். 8.5 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்குத் தவணை சுமார் 26,035 ரூபாய். பென்ஷன் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்குப் போதாது. 8வது குழுவில் இந்தத் தொகைகள் கூடும், ஆனால் ஏறிய சம்பளத்திலும் பாதிதான் பென்ஷன்.

'ரிட்டயர் ஆகும்போது வருகிற மொத்தப் பணத்தில் அடைத்துவிடுவோம்' என்று தோன்றும். அதையும் போட்டுப் பார்த்தேன். கம்யூடேஷன் சுமார் 12 லட்சம், 24 வருஷத்துக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 8.4 லட்சம். மூன்று வருஷத்தில் நீங்கள் தவணையாகக் கட்டியிருப்பது 9.37 லட்சம். அப்போதும் கடன் பாக்கி 28 லட்சம் இருக்கும், ஏனென்றால் ஆரம்ப வருஷங்களில் கட்டுவது பெரும்பாலும் வட்டிக்கே போகிறது. இரண்டு பணத்தையும் கொட்டினாலும் ஏழரை லட்சம் மீதி நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிற்பார்கள்.

ஏஜென்ட் வரிச் சலுகை பற்றியும் பேசியிருப்பார். உங்கள் கணவரின் ஆண்டு வருமானம் 9 லட்சத்தை ஒட்டி. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

எவ்வளவு வாங்கலாம்? என் கணக்கில் 10 லட்சம், 15 வருஷம். அதே வட்டியில் தவணை 9,847 ரூபாய். அவர் மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றால் பாக்கி சுமார் 8.9 லட்சம். கிராஜுவிட்டியோடு கொஞ்சம் சேர்த்தால் அன்றே முடித்துவிடலாம், கம்யூடேஷன் பணத்தில் கை வைக்க வேண்டாம். இதில் முழு வீடு கட்ட முடியாது என்பது தெரியும். இப்போது மனை, ஓய்வுக்குப் பிறகு அந்தக் கம்யூடேஷன் பணத்தில் வீடு என்று இரண்டு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்து ஊர் என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது. அந்தப் பக்கம் யாரையாவது தெரிந்தால், பென்ஷன் வந்த பிறகு எப்படிக் கட்டினார்கள் என்று விசாரியுங்கள். டிபன்ஸ் செக்யூரிட்டி கோரிலோ (முன்னாள் வீரர்களைச் சேர்க்கும் காவல் பிரிவு) வங்கிக் காவலிலோ இரண்டாவது வேலை கிடைத்தால் நல்லது. கிடைக்கும் முன்பே அதைத் தவணைக்கு எழுதிவிட வேண்டாம்.

அடுத்த லீவுக்கு அவர் கிளம்பும் முன் யூனிட் கிளார்க்கிடம் மூன்று விஷயம் கேட்டு வரச் சொல்லுங்கள். வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, மாதச் சந்தாவைக் கூட்ட முடியுமா (வட்டி 7.1 சதவீதம், சம்பளத்திலேயே பிடித்துவிடுவதால் செலவாகாது). இந்த வருஷக் கல்விப் படிக்கு பள்ளிச் சான்றிதழ் போய்ச் சேர்ந்ததா. நீட்டிப்புக்கான ஸ்கிரீனிங் எப்போது. மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும் வரை ஏஜென்டுக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.